அப்பா பேசக் கூடாது

அப்பா பேசக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கிற மேடம் சொல்லிவிட்டார். பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது. "நீங்க கண்ணால சொன்னாக்கூட அவ கண்டுபிடிச்சிருவா, பிள்ளைங்க அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, சங்கரலிங்கத்தைக் கேமராவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தான், முட்டில் வைத்தான், பிறகு இரண்டு தொடைகளுக்கும் அடியில் கொடுத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டான். கடையில் இந்தச் சங்கடம் கிடையாது. புரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் கை என்று ஒன்று இருக்கிற நினைப்பே வராது, அது பாட்டுக்கு உருட்டும், வீசும், சுற்றும், அடித்து உதிர்க்கும், அவன் வாய் யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும். இங்கே வாயும் கிடையாது, கையும் கிடையாது. எப்போதும் அவன் பெண்டாட்டி முப்பிடாதிதான் பிள்ளையைக் கூட்டி வருவாள். இப்போது அவளுக்கு எட்டாம் மாசம், சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலி வரை பஸ்ஸில் குலுங்கி வர வேண்டாம் என்று நர்சம்மா சொன்னதால் இன்றைக்கு அவன். "நீங்க சும்மா இருந்தாப் போதும்," என்றுதான் அவளும் சொல்லி அனுப்பினாள், "அவளுக்கு எல்லாம் தெரியும், நான் பழக்கி வச்சிருக்கேன், நீங்க ஊடால புகுந்து கெடுத்துராதீங்க." அப்படி என்ன கெடுத்துவிடப் போகிறான். பிள்ளையின் கை எவ்வளவு அசைகிறது என்று இன்றைக்குப் போடுகிற மார்க்கை வைத்துத்தான் பெரிய டாக்டர் அவள் தோளில் ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வாராம். மார்க் கூடினால் ஆபரேஷன் தேவைப்படாது, குறைந்தால் தேவைப்படும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தான். அப்புறம், ரொம்பக் குறைந்துபோனால் ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று தோன்றியது. அப்படியானால் மார்க் கூட வேண்டுமா குறைய வேண்டுமா, எதற்காக வேண்டிக்கொள்வது, அந்த இடத்தில் அவன் மனசு ரெண்டு மூன்று தடவை போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"சுபிக்குட்டி, ரெண்டு கையையும் மேல தூக்குங்க பாப்போம். ஃபேனைத் தொடப் போறோம், சரியா?" என்றார் மேடம். பெனாசிர் என்று அவர் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சுபிக்ஷா, ஐந்து வயசு, பச்சைக் கவுன், தலையில் ரெட்டைக் குடுமி, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உடனே தரையைப் பார்த்தான். மறுபடி நிமிர்ந்தபோது இடது கை முழுசாக மேலே போயிருந்தது, காதை உரசிக்கொண்டு, விரல்கள் விரிந்து. வலது கை தோள் மட்டம் வரை வந்து நின்றுவிட்டது. நின்ற இடத்தில் மெல்ல நடுங்கியது. மீதி உயரத்துக்கு அவள் இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, கால் பெருவிரலில் எழும்பி, கன்னத்தை உப்பிப் பார்த்தாள். அவன் தொடைக்கு அடியில் இருந்த வலது கை தானாக மேலே வரத் துடித்தது, அதை அமுக்கிக்கொண்டான். அமுக்கு. இந்த வார்த்தை வந்தால் போதும், அவன் மறுபடி சுபி பிறந்த அந்தப் பிரசவ அறைக் கதவுக்கு வெளியே போய் நின்றுவிடுவான். "தலை வந்துட்டு, தோள் வரல, மேல இருந்து அமுக்கு, அமுக்கும்மா" என்று உள்ளே யாரோ கத்திய சத்தம், ஓடிய செருப்புச் சத்தம், முப்பிடாதியின் சத்தம் மட்டும் திடீரென்று இல்லாமல் போனது. அவன் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றான், தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அன்றைக்கு அவனிடம் யாரும் பேசக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனாலும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேச வேண்டும் என்று அவனுக்கு என்ன தெரியும். அப்புறம் அழுகை கேட்டது. நாலு கிலோவுக்கு மேல இருக்கு பிள்ளை, பாத்தியளா என்று ஆயா துணியில் சுற்றிக் கொண்டு வந்து காட்டினாள். அவன் அக்கா அந்த நாலு கிலோவை வார்டு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சீனி கொடுத்தாள், அவனும் கடையில் வந்து சொன்னான், கல்லில் வேலை செய்கிறவன் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று முதலாளி சொன்னபோது அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த எடைதான் தோளை மாட்ட வைத்தது, மாட்டிய தோளை இழுத்ததில்தான் கழுத்து நரம்பு போனது என்று தெரிய எவ்வளவோ நாள் ஆயிற்று. சந்தோஷப்பட்டது இதற்குத்தானா. இந்தத் தடவை எடை எவ்வளவு இருக்கும் என்று முப்பிடாதியிடம் அவன் கேட்டதில்லை. கேட்டால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துபோகும்.

"இப்ப பிஸ்கெட் சாப்பிடலாமா? இந்தக் கையால," என்று மேடம் வலது கையில் ஒரு துண்டைக் கொடுத்தார். விரல்கள் பிடித்துக்கொண்டன. விரல்களுக்கு ஒன்றுமில்லை, அதுதான் அவனுக்குப் புரியாத விஷயம், விரல் மடங்குகிறது, பிடிக்கிறது, பொம்மையின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறது, ஆனால் அந்த விரல்களைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் சேர்க்க முடியவில்லை. பிஸ்கெட் வாய்க்கு வரும்போது முழங்கை வெளிப்பக்கமாக வானத்தைப் பார்த்து எழும்பியது, கொம்பு ஊதுகிறவன் கை மாதிரி. வாய் வந்து பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டது. மேடம் எதையோ குறித்தார். நல்லா இருக்கு என்றாவது சொல்லக் கூடாதா. அவன் வீட்டில் இருக்கிற நேரத்தில் சுபி தன் கையால் சாப்பிட்டதே கிடையாது. மத்தியானம் கடைக்குக் கிளம்பும் முன்னால் அவளை மடியில் வைத்து அவன்தான் ஊட்டுவான், பருப்புச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக, அது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமான நேரம். முப்பிடாதி, "அவளே சாப்பிடட்டும் விடுங்க" என்பாள். "பாவம்டி, எல்லாம் பெறவு பாத்துக்கிடலாம்" என்பான் அவன். பிறந்த புதிதில் அந்தக் கை பக்கவாட்டில் தொங்கும், உள்பக்கமாக முறுக்கி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி. முதன்முதலாக இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரு டாக்டர் படிக்கிற பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு, ஓட்டலில் சர்வர் யாருக்கும் தெரியாமல் டிப்ஸ் வாங்கப் பின்னால் கையை நீட்டுவான் இல்லையா, அந்த மாதிரி, இதற்குப் பேரே அப்படித்தான் என்று சொல்லிக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். டாக்டர் நல்ல மனுஷன், மனசில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் கடையில் எந்தச் சர்வராவது கையைப் பின்னால் கொண்டுபோனால் சங்கரலிங்கத்துக்குக் கல்லில் இருக்கிற புரோட்டா கருகிவிடுகிறது. அன்றைக்கு அதே டாக்டர்தான் கேட்டார், ஏன் இவ்வளவு லேட்டாக வந்தீர்கள், ஆறு மாசத்துக்குள் வந்திருந்தால் நரம்பையே சரி செய்ய முடியுமா என்று பார்த்திருக்கலாமே என்று. அவர்கள் வந்தபோது பிள்ளைக்கு ஒன்றரை வயசு. தானா சரியாயிடும் என்று பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னார்கள். தைலம் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க நாள் போய்க்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்.

"அழகு! இப்ப அந்தக் கையாலயே பின்னந்தலையைத் தொடணும். இங்க. மிஸ் செய்யுற மாதிரி," என்று மேடம் தன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் காட்டினார். சங்கரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அவளுக்குத் தெரியும். இதை அவள் தினமும் வீட்டில் செய்கிறாள். சாயங்காலம் குடுமிக்கு நடுவில் முப்பிடாதி ஒரு துணுக்கு மல்லிகையைச் சொருகி, "பூவை எடுத்து அம்மாவுக்குக் குடு" என்பாள், சுபி வலது கையைப் பின்னால் கொண்டுபோய் எடுத்துக் கொடுப்பாள், முப்பிடாதி கை தட்டுவாள், அவனும் கடைக்குப் போகாத நாளில் சேர்ந்து தட்டியிருக்கிறான். இப்போது சுபி மேடத்தைப் பார்த்தாள். கை காது வரை வந்தது, கன்னத்தைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. "இன்னொரு தடவை பண்ணலாமா?" மறுபடியும் காது வரை. பூ என்று சொன்னால் போதும். ஒரே எழுத்து. இந்த அறையில் ஒரே எழுத்தை யாராவது சொன்னால் அந்தக் கை போய்விடும், போவதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான், இந்த அம்மாவுக்கு அது தெரியாது, தெரியாமலே மார்க் போடப் போகிறார். சொன்னால் கெடுத்ததாகிவிடுமோ. சொல்லாவிட்டால் கெடுத்ததாகாதா. முப்பிடாதி இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா, அவள் சாமர்த்தியக்காரி, இருமுகிற மாதிரியாவது ஏதாவது செய்திருப்பாள், இல்லை, அவள்தானே சும்மா இருக்கச் சொன்னது. கேமராவில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் அவனையே பார்க்கிற மாதிரி இருந்தது. சுபி இப்போது அவனைப் பார்த்தாள், என்ன கேட்கிறார்கள் என்று தெரியாத பார்வை. அவன் உதட்டைக் குவித்தான். பூ என்பதற்கு உதடு குவிந்துதான் ஆக வேண்டும். குவித்துவிட்டு, சத்தம் வராமல், அப்படியே ஊதிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்தான். "சரி, பரவால்ல," என்று மேடம் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். முடிந்துபோனது. அவன் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு விளையாட்டுச் சாமான்கள் வந்தன. மேஜைமேல் ஒரு தகரப் பெட்டி, ஜிப் வைத்த பை, கோர்க்கிற மணி, களிமண் மாதிரி ஒரு கலர் மாவு. எல்லாமே ரெண்டு கையும் இருந்தால்தான் ஆகிற காரியம் என்று அவனுக்குப் பார்த்ததும் தெரிந்தது, ரெண்டு கையால் பிழைக்கிறவனுக்கு அது தெரியாதா. "எதை வேணா எடுத்து விளையாடு, எப்படி வேணா விளையாடு," என்று மேடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். சுபி பெட்டியை எடுத்தாள். இடது கையால் எடுத்து, முட்டுகளுக்கு நடுவில் இறுக்கி, மூடியை இடது கையாலேயே இழுத்தாள். வலது கை மேஜை ஓரத்தில், தூங்குகிற பூனைக்குட்டி மாதிரி, யாருடையதோ மாதிரிக் கிடந்தது. ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். அது திறந்துகொண்டது. கெட்டிக்காரி என்று அவன் நினைத்தான், நினைத்த அடுத்த நொடியே, இது கெட்டிக்காரத்தனத்துக்கு வைத்த பரீட்சை இல்லையே என்று திக்கென்றது. மணியைக் கோர்க்க வரவில்லை. மணி உருண்டது, கயிறு நழுவியது, மறுபடி எடுத்தாள், மறுபடி உருண்டது. அவள் முகம் சிவந்தது. "அப்பா," என்றாள். அவன் அசையவில்லை. "அப்பா, நீ கோத்துக் குடு." மேடம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் முதுகு பார்த்துக்கொண்டிருந்தது. "அப்பா, இந்தா," என்று சுபி இடது கையில் கயிற்றை நீட்டினாள். கூப்பிட்டால் அவன் வராமல் இருந்ததே இல்லை. அவள் பிறந்ததில் இருந்து ஒரு தடவைகூட இல்லை. அழுதால் ஓடினான், விழுந்தால் ஓடினான், செருப்பு மாட்ட, பட்டன் போட, தண்ணீர் டம்ளர் பிடிக்க, எல்லாவற்றுக்கும் அவன் கை முன்னால் போய் நின்றிருக்கிறது. ஏன் அப்பா கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது. அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள். பிறகு கயிற்றை மேஜையில் வைத்துவிட்டு, அவன் பக்கம் முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள். அதைக்கூட அந்தக் கேமரா எடுத்திருக்கும்.

சிவப்பு வெளிச்சம் அணைந்ததும் முதல் வேலையாக அவன் சொன்னான், "மேடம், பின்னந்தலைக்கு அவளுக்குக் கை போவும் மேடம். வீட்ல பூ வச்சுப் பழக்கியிருக்கு. பூன்னு சொன்னா எடுத்துருவா. நான் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல." மேடம் ஒரு சின்ன ரோஜாநிற ரிப்பனை எடுத்துச் சுபியின் குடுமிகளுக்கு நடுவில் சொருகினார். "சுபி, பூ இருக்கு பாரு. அந்தக் கையால எடுத்து மிஸ்ஸுக்குக் குடு." சுபி எடுத்துக் கொடுத்தாள். "பாத்தீங்களா," என்று சங்கரலிங்கம் எழுந்தேவிட்டான். மேடம் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுதேன். நீங்க கையைப் பாக்காதீங்க, தலையைப் பாருங்க," என்றார். மறுபடி ரிப்பன். அவன் தலையைப் பார்த்தான். கை காது வரைதான் போயிற்று, அங்கேயே நின்றது. தலைதான் முன்னால் குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை அவ்வளவு ஒடித்து, கைக்குக் கீழே போய்த் தன்னைக் கொடுத்தது. கை தலைக்குப் போகவில்லை. தலை கைக்கு வந்தது. எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறான், எத்தனை தடவை கை தட்டியிருக்கிறான், ஒரு தடவைகூட இதைப் பார்க்கவில்லை. முப்பிடாதி பார்த்திருப்பாளா. எதிரில் உட்கார்ந்து பூவை வாங்குகிறவள் அவள்தான். பார்த்திருப்பாள். பார்த்துவிட்டும் கை தட்டியிருப்பாள்.

"தோள்ல ஒரு சதையை மாத்தி வச்சா கை இன்னும் மேல போக வாய்ப்பு இருக்கு, அதை டாக்டர் வீடியோவைப் பாத்துட்டுச் சொல்லுவாங்க," என்றார் மேடம். "ஆனா நான் வேற ஒண்ணு சொல்லணும்பா. அவளுக்கு அந்தக் கையில இருக்கிற சக்தி ஒரு அளவு. அவ உபயோகப்படுத்துறது அதுல பாதிகூட இல்ல. அந்தக் கையை மறந்துட்டு இருக்கா. வீட்ல யாரு ஊட்டி விடுறா?"

"நான்தான் மேடம்."

"ஊட்டாதீங்க."

அவ்வளவு சாதாரணமாக, வெயிலில் போகாதீங்க என்கிற மாதிரிச் சொன்னார். நரம்பு போனது அவன் கையில் இல்லை, லேட்டானதில் பாதி அவன் கையில் இல்லை, மிச்சம் இருந்ததில் அவன் கையில் இருந்தது அவளைத் தானாகப் பழக விடுவது ஒன்றுதான், அதையும் அவன் கையே எடுத்துக்கொண்டது. மேடம் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், அந்தக் கை வேலை செய்யும்படி இடது கையில் கொஞ்ச நேரம் உறை மாட்டி விடுங்கள், அழுதாலும் விட்டுப் பிடியுங்கள் என்றெல்லாம். அவன் தலையை ஆட்டிக்கொண்டே, காலையில் இருந்து நெஞ்சில் கிடந்ததை எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சுபிக்குச் செருப்பு மாட்டக் குனிந்தவன், பாதியில் நிறுத்தி நிமிர்ந்து, "மேடம், அவங்கம்மாவுக்கு இப்ப எட்டாம் மாசம்," என்றான். அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. மேடத்தின் முகம் மாறியது.

"மொதப் பிரசவத்துல தோள் மாட்டுச்சுன்னு இப்ப பாக்குற டாக்டருக்குத் தெரியுமா? சுகர் இருந்தாலும் பிள்ளை பெருசா வரும், அதைப் பாத்தாங்களா?"

"தெரியல மேடம். நாங்க சொல்லல. கெட்டதை எதுக்கு இப்ப பேசிக்கிட்டுன்னு..."

"பேசணும்பா. பேசியே ஆகணும். நாளைக்கே இங்க கூட்டிட்டு வாங்க, பஸ்ல வேண்டாம், கார் வச்சுக் கூட்டிட்டு வாங்க. பிரசவ வார்டு டாக்டர்கிட்ட நான் இன்னைக்கே சொல்லி வைக்கேன்."

"மறுபடி இப்படி ஆயிராதுல்லா மேடம்?"

அவர் பொய் சொல்லவில்லை. "ஆகாதுன்னு நான் எப்படிப்பா சொல்ல முடியும்? முன்னாடியே தெரிஞ்சா அவங்க அதுக்குத் தயாரா இருப்பாங்க. அதுதான் சொல்ல முடியும்." அன்றைக்கு யாரும் தயாராக இல்லை, அவனும் இல்லை. எட்டு மாசமாக அவன் வாயைத் திறக்காமல் இருந்ததும் இன்றைக்கு இந்த நாற்காலியில் திறக்காமல் இருந்ததும் ஒன்றுதானா வேறா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. வெளியே வந்ததும் முப்பிடாதி போன் செய்தாள். "என்ன சொன்னாவ? பூ எடுத்தாளா?" என்றாள். "எடுத்தா," என்றான். "வந்து பேசுதேன்." அவள் வைத்துவிட்டாள்.

பஸ் நிலையத்தில் சங்கரன்கோவில் பஸ் கிளம்புகிற உறுமலோடு நின்றது. சுபியை வழக்கம்போல் அள்ளித் தூக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டான். இனிமேல் அப்படித்தானே. "நீயே ஏறு பாப்பா. அந்தக் கம்பியைப் பிடி, ரெண்டு கையாலயும் பிடி," என்றான். அவள் அவனை நம்பாமல் பார்த்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள். உயரமான படி. வலது கை தொங்கியது. "அந்தக் கையும் சுபி, அந்தக் கை," என்றான். அது எழும்பி, கம்பிக்கு ஒரு சாண் கீழே காற்றைப் பிடித்து, இறங்கியது. "அப்பா தூக்கு," என்றாள். அவன் பின்னால் நின்றான், ரெண்டு கையையும் அவள் இடுப்புக்கு அருகில் விரித்து, தொடாமல். பின்னால் கூடையோடு நின்ற ஒரு பொம்பிளை, "ஏம்ப்பா, வழியை விடு," என்றாள். யாரோ அவன் முதுகில் பையால் இடித்தார்கள். "கொஞ்சம் பொறுங்க, பிள்ளை ஏறுது," என்றான். அந்தக் கை மறுபடி எழும்பியது. இந்தத் தடவை விரல் நுனி கம்பியில் பட்டது, பட்டதை அவன் பார்த்தான், பிடி, பிடி, என்று அவன் உடம்பு முழுக்கச் சொன்னது, விரல்கள் மெல்ல மடங்க ஆரம்பித்தன, அப்போது மேலே இருந்து கண்டக்டர் குனிந்து, "என்னய்யா, பச்சப்பிள்ளையைத் தூக்கி ஏத்தத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே அவளை இடது கக்கத்தில் கைகொடுத்து ஒரே அள்ளாக அள்ளி உள்ளே விட்டுவிட்டு, விசிலை ஊதினார்.

ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. சுபி சீட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து, முன்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் தாண்டி வயல் வந்த பிறகு, கோபமெல்லாம் தணிந்து, அவன் பக்கம் சாய்ந்தாள்.

"அந்த மாமா நல்ல மாமா, இல்லப்பா?"

"ஆமா," என்றான் சங்கரலிங்கம்.